இரண்டு லிட்டர் மாடும் பத்து லிட்டர் மாடும்

அறுபது ஆண்டுகளுக்கு முன் கொங்கு நாட்டுச் சந்தையில் மாடு பிடிக்கப் போனவர் முதலில் பார்த்தது திமிலை, குளம்பை, நடையை. மடியைப் பார்த்தது அதற்குப் பிறகுதான். ஏருக்கும் வண்டிக்கும் கிணற்றில் கவலை இறைக்கவும் எருது வேண்டும். நல்ல காளைக்கன்று ஈனுவதற்காகவே காங்கேயம் பசுவை வளர்த்தார்கள். கன்று குடித்தது போக இரண்டு லிட்டர் கறந்தால் அது நல்ல பசு. அந்தப் பாலும் வீட்டுத் தயிருக்கும் மோருக்குமே சரியாக இருக்கும்.

அதற்கு ஏற்ற தீனிதான் அதற்குக் கிடைத்தது. முள்கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து, வெயில் ஏறியதும் வெள்வேல மர நிழலில் படுத்து அசைபோடும். மாலையில் கட்டுத்தரைக்கு வந்தால் சோளத்தட்டும் ஒரு தொட்டிக் கழுநீரும். இரண்டு லிட்டர் மாட்டுக்கு அது போதும்.

மின்மோட்டார் வந்ததும் கவலை நின்றது. டிராக்டர் வந்ததும் ஏர் குறைந்தது. எருதுக்கு வேலை இல்லாமல் போன அதே காலத்தில் பாலுக்குச் சந்தை திறந்தது. 1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. 1981-ல் தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையம் உருவானது. ஊருக்கு ஊர் பால் சொசைட்டி. மழையை நம்பியிருந்த குடும்பத்துக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, தவணை தவறாமல் காசு வர வழி பிறந்தது. அதை நான் சிறியதாக நினைக்கவே மாட்டேன். எத்தனையோ பிள்ளைகளின் படிப்புச் செலவு அந்தப் பால் காசுதான்.

சொசைட்டிக்கு ஊற்ற இரண்டு லிட்டர் மாடு போதாது. ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஒரு சிறு தீவில் உருவான ஜெர்சியும், நெதர்லாந்து, வட ஜெர்மனிப் பகுதிகளின் பிரீசியனும் உறைவிந்தாக வந்து சேர்ந்தன. ஊரின் பொலிகாளை இருந்த இடத்தில், மைனஸ் 196 டிகிரி குளிர் கொண்ட திரவ நைட்ரஜன் கலனோடு சினை ஊசி போடுபவர் வந்தார். சினைக்காகக் காலையில் கத்தும் மாட்டுக்கு மாலையிலும், மாலையில் கத்தினால் மறுநாள் காலையிலும் ஊசி என்ற கணக்கு எல்லோருக்கும் பாடமானது. இரண்டு மூன்று தலைமுறையில் நாளுக்குப் பத்து லிட்டர் கறக்கும் கலப்பின மாடு சாதாரணமாகிவிட்டது.

மாடு மாறிய அளவுக்குப் பராமரிப்பு மாறியதா? பல கட்டுத்தரைகளில் இல்லை என்பதே என் வருத்தம். ஒரு லிட்டர் பால் சுரக்க மடி வழியே சுமார் 400 முதல் 500 லிட்டர் ரத்தம் ஓட வேண்டும். பத்து லிட்டருக்கு நாலாயிரம் லிட்டருக்கு மேல். அந்த உடம்புக்குக் காலையும் மாலையும் ஒரு தொட்டிக் கழுநீர் எப்படிப் போதும்? பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். கோடையில் தண்ணீர் குறைந்தால் அன்றைக்கே பால் குறையும். குளிர்நாட்டு ரத்தம் கலந்த மாட்டுக்கு வெயிலும் தாங்காது. அதைத் தகரக் கொட்டகையில் கட்டிவைத்துவிட்டுப் பால் இறங்கவில்லை என்று மருத்துவரைத் தேடுகிறோம்.

தீனியிலும் இதே கோளாறுதான். மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்து புல்லையும் வைக்கோலையும் நொதிக்கவைக்கின்றன. மாடு உயிர் வாழ்வதே அவற்றால்தான். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அள்ளிப் போட்டால் அங்கே அமிலம் பெருகி அந்த நுண்ணுயிர்கள் சாகின்றன. அசைபோடுவது நின்று மாடு சாய்கிறது. பாசத்தோடு வைத்த சோறே மாட்டைக் கொன்ற வீடுகள் உண்டு.

நோய்களில் நமக்குக் கிடைத்த பெரிய வெற்றியையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஊர் மந்தையையே காலி செய்த வெக்கை நோய் இந்தியாவில் கடைசியாகக் காணப்பட்டது 1995-ல், நம் வட ஆற்காட்டில். 2011-ல் உலகத்திலிருந்தே அது ஒழிந்ததாக அறிவித்தார்கள். இன்றைய எதிரி மடிநோய். கறந்த பிறகு அரை மணி நேரம் காம்புத் துளை மூடாமல் இருக்கும். அப்போது சாணத்தில் படுத்தால் கிருமி ஏறும். கறந்ததும் பசுந்தீனி போட்டு நிற்கவைத்தாலே பாதி ஆபத்து விலகும்.

அன்று கொண்டாடப்பட்ட காளைக்கன்றுதான் இன்று அதிகம் அவதிப்படுகிறது. ஜெர்சிக் கலப்புக் காளைக்கு நுகம் வைக்கத் திமிலும் சரியாக இல்லை, உழவும் இல்லை. சீம்பாலைக்கூட அதற்கு விடாமல் கறந்துவிடுகிறார்கள். தாயின் கருப்பையில் கன்றுக்கு நோய் எதிர்ப்பு சக்தி வந்து சேர்வதில்லை. பிறந்த முதல் சில மணி நேரத்தில் குடிக்கும் சீம்பாலில்தான் அது கிடைக்கிறது. ஒரு நாள் கழித்துக் கொடுத்தால் குடல் அதை ஏற்காது.

கறவை மாடு வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் இருக்கட்டும். ஆணோ பெண்ணோ, கன்றுக்கு முதலில் சீம்பால் விடுங்கள். சினைமாடு ஈனுவதற்கு 60 நாள் முன்பே கறப்பதை நிறுத்துங்கள். அடுத்த ஈற்றுக்கான பால் திசு மடியில் புதுப்பிக்கப்படுவது அந்த இரண்டு மாதத்தில்தான்.