99 சதவீதத்தில் நின்று போகுது டி.வி.டி.! பழைய கல்யாண வீடியோவை காப்பாற்ற வழி என்ன?

திருமுல்லைவாயில்:

அலமாரியில் கிடக்கும் பழைய கல்யாண கேசட்டை டி.வி.டி.யாக மாற்றி வைக்கலாம் என்று ஆசையோடு கம்ப்யூட்டர் முன்பு உட்காருகிறார்கள். படத்தை ஏற்றி, மெனு போட்டு, பட்டனை அழுத்திவிட்டு 3 மணி நேரம் காத்திருந்தால், கடைசியில் "எர்ரர்" என்று ஒரு வரி வந்து நிற்கிறது. மறுபடி முயற்சி செய்தாலும் அதே கதைதான்.

"டிஸ்க்கே சரியில்லப்பா" என்று ஒன்றன் பின் ஒன்றாக குப்பையில் போடுகிறவர்கள் உண்டு. ஆனால் பல நேரங்களில் டிஸ்க் மீது தப்பே இருக்காது. டிஸ்க்கில் எழுத தொடங்கும் முன்பே கோளாறு வந்திருக்கும்.

ஏன் அவசரம்?

அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி டாங்க் தொழிற்சாலை வேலையை நம்பி இந்த பகுதியில் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அந்த வீடுகளில் 1980, 90-களில் நடந்த கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் வி.எச்.எஸ். கேசட்டில்தான் பதிவானது. இன்று உயிரோடு இல்லாத தாத்தா, பாட்டி சிரித்து பேசும் ஒரே படம் அதில்தான் இருக்கும்.

கேசட் நாடா ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னை புறநகரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை யாரும் மறக்க முடியாது.

கேசட்டை ஓட்டும் கருவியும் அரிதாகி விட்டது. உலகில் கடைசியாக வி.சி.ஆர். தயாரித்து வந்த ஜப்பானின் புனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு அதை நிறுத்தியது. சிறிய கேமராவில் போடும் மினி டி.வி. கேசட் தயாரிப்பை சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் நிறுத்தி விட்டது.

3 கட்டமாக நடக்கும் வேலை

நீரோ, யுலீட், பினக்கிள், டி.வி.டி. ஸ்டைலர் என்று சாப்ட்வேர் எதுவாக இருந்தாலும் உள்ளே நடப்பது 3 வேலைதான்.

முதலில், நம்முடைய வீடியோவை டி.வி.டி. பிளேயருக்கு புரியும் எம்பெக்-2 என்ற வடிவத்துக்கு மாற்றும். நேரத்தை தின்பது இந்த வேலைதான். 2-வதாக, படம், சத்தம், மெனு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு போல்டராக கட்டும். 3-வதாகத்தான் டிஸ்க்கில் எழுதும்.

எந்த கட்டத்தில் நின்றது என்று தெரிந்து கொண்டால் பாதி பிரச்சினை தீர்ந்தது. இதற்கு எளிய சோதனை இருக்கிறது. டிஸ்க்கை வெளியே எடுத்து, அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்து பாருங்கள். எழுதிய பகுதி நிறம் மாறி வளையம் போல தெரியும். வளையமே இல்லை என்றால் பெரும்பாலும் எழுதவே தொடங்கவில்லை. அந்த டிஸ்க்கை தூக்கி போட வேண்டாம், மறுபடி பயன்படுத்தி பார்க்கலாம்.

ஒரே இடத்தில் நிற்கிறதா?

மாற்றும்போது ஒவ்வொரு முறையும் சரியாக 42 சதவீதத்திலேயே நிற்கிறது என்று வைத்துக் கொள்வோம். அப்படியானால் படத்தின் அந்த இடத்தில் ஏதோ கெட்டுப் போயிருக்கிறது. படத்தை இரண்டாக வெட்டி தனித்தனியாக மாற்றி பாருங்கள். எந்த துண்டில் நிற்கிறதோ, அதை மட்டும் கேசட்டில் இருந்து மறுபடி பதிவு செய்தால் போதும்.

ஒரு தடவை 20, இன்னொரு தடவை 65 என்று மாறி மாறி நின்றால் படத்தின் மீது சந்தேகப்பட வேண்டாம். கம்ப்யூட்டரை பாருங்கள். படத்தை மாற்றும்போது கம்ப்யூட்டர் மூச்சு முட்ட வேலை செய்யும். மின்விசிறியில் தூசி அடைத்திருந்தால், கத்திரி வெயில் நேரத்தில் சூடு தாங்காமல் தானாகவே அணைந்து விடும். தூசியை துடைத்துவிட்டு, ராத்திரி நேரத்தில் ஓட விடுவது நல்லது.

இடம் இருக்கிறதா?

மினி டி.வி. கேசட்டில் உள்ள 1 மணி நேர படத்தை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினால் சுமார் 13 ஜி.பி. இடம் பிடிக்கும். அது போக, வேலை நடக்கும்போது தற்காலிக பைல்களுக்கும் இடம் வேண்டும். அவை சாதாரணமாக 'சி' டிரைவில்தான் போய் உட்காரும். அங்கே இடம் இல்லை என்றால் வேலை பாதியில் நின்று விடும். தற்காலிக போல்டரை வேறு டிரைவுக்கு மாற்றும் வசதி பல சாப்ட்வேர்களின் செட்டிங்கில் இருக்கிறது.

டிஸ்க் கணக்கும் ஏமாற்றும். கவரில் 4.7 ஜி.பி. என்று போட்டிருக்கும். கம்ப்யூட்டர் கணக்கில் அது 4.37 ஜி.பி.தான். கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கம்ப்யூட்டர் 1,024 ஆக எண்ணுகிறது. அதனால் 4.5 ஜி.பி. படத்தை ஏற்ற பார்த்தால் இடம் பற்றாது.

ஒரு டிஸ்க்கில் 2 மணி நேர படம் என்றால் வேகம் வினாடிக்கு சுமார் 5 மெகாபிட்டுக்குள் இருக்க வேண்டும். 3 மணி நேர கல்யாணத்தை ஒரே டிஸ்க்கில் திணிப்பதைவிட, முகூர்த்தம் ஒன்று, வரவேற்பு ஒன்று என்று 2 டிஸ்க்காக போட்டால் முகங்கள் தெளிவாக இருக்கும்.

கலப்படம் கூடாது

நம் நாட்டு டி.வி. முறை 'பால்'. அதாவது 720-க்கு 576 அளவு, வினாடிக்கு 25 படம். அமெரிக்காவில் 'என்.டி.எஸ்.சி.'. இரண்டையும் ஒரே டிஸ்க்கில் கலந்தால் சாப்ட்வேர் தகராறு செய்யும். வெளிநாட்டில் இருந்து மகன் அனுப்பிய வீடியோ, செல்போனில் எடுத்த துண்டு எல்லாவற்றையும் முதலில் 'பால்' முறைக்கு மாற்றிவிட்டு சேருங்கள்.

சத்தத்திலும் கவனம் தேவை. டி.வி.டி.க்கு 48 கிலோஹெர்ட்ஸ் சத்தம்தான் சரிப்படும். பின்னணிக்கு போடும் எம்.பி.3 பாட்டு பெரும்பாலும் 44.1-ல் இருக்கும்.

பைல் பெயரும் காலை வாரும். தமிழ் எழுத்து, நட்சத்திர குறி, நீளமான பெயர் இருந்தால் சில பழைய சாப்ட்வேர் திணறும். "கல்யாணம்1" என்பதைக்கூட ஆங்கில எழுத்தில் சின்னதாக வையுங்கள். அப்படியும் நின்றால், ஆடும் அசையும் மெனுவை எடுத்துவிட்டு வெறும் படத்தை மட்டும் போட்டு பாருங்கள்.

நேராக டிஸ்க்கில் எழுதாதீங்க!

முக்கியமான விஷயம் இதுதான். பட்டனை அழுத்தும்போது டிஸ்க்கை தேர்வு செய்யாமல், 'ஐ.எஸ்.ஓ. பைல்' அல்லது 'போல்டர்' என்று தேர்வு செய்து ஹார்டு டிஸ்க்கில் சேமியுங்கள். அதை வி.எல்.சி. பிளேயரில் போட்டு கடைசி வரை ஓட்டி பாருங்கள். சரியாக இருந்தால் மட்டும் 'இம்க்பர்ன்' போன்ற இலவச சாப்ட்வேர் மூலம் எழுதலாம். அப்புறம் டிஸ்க் கெட்டாலும் போவது ஒரு டிஸ்க்தான். 3 மணி நேர வேலை பத்திரமாக இருக்கும்.

பென்டிரைவில் ஐ.எஸ்.ஓ. சேமிக்கும்போது ஒரு விஷயம். அது 'பேட்-32' முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே பைலை ஏற்காது. 'என்.டி.எப்.எஸ்.' முறைக்கு மாற்ற வேண்டும். மாற்றினால் உள்ளே இருப்பது அழிந்து விடும் என்பதால், முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

எழுதும்போது 16 எக்ஸ் வேகம் வேண்டாம். 8 அல்லது 4 எக்ஸ் போதும். கரண்டு போனால் டிஸ்க் போச்சு, யு.பி.எஸ். இருந்தால் நல்லது. கம்ப்யூட்டரில் ஓடி பிளேயரில் ஓடவில்லை என்றால், 'பைனலைஸ்' செய்தீர்களா, 'டேட்டா டிஸ்க்' என்று எழுதி விட்டீர்களா என்று பாருங்கள்.

கேசட்டை அழிக்காதீங்க

டி.வி.டி. வந்து விட்டது என்று கேசட்டை பழைய பேப்பர் கடையில் போட்டு விடாதீர்கள். வீட்டில் எழுதும் டிஸ்க்கும் காலப்போக்கில் கெடும். முதல் பைலை ஒரு ஹார்டு டிஸ்க்கிலும், இன்னொரு நகலை சொந்தக்காரர் வீட்டிலும் வைப்பது பாதுகாப்பு. பூஞ்சை பிடித்த கேசட்டை மட்டும் சுத்தம் செய்யாமல் பிளேயரில் போடக்கூடாது. பிளேயரின் ஹெட்டும் கெடும், அடுத்து போடும் கேசட்டிலும் பூஞ்சை ஒட்டிக் கொள்ளும்.