பெட்டி தெரியவில்லையா? ‘ஃபார்மட்’ பொத்தானைத் தொடாதீர்கள்!

புந்தோங் என்றதும் பலருக்குக் கச்சாங் பூத்தேதான் நினைவுக்கு வரும். ஆனால் இங்குள்ள பல வீடுகளில் அதைவிட அரிய சரக்கு ஒன்று உண்டு. லயத்து வீட்டின் முன் தாத்தா பாட்டி நிற்கும் பழைய ரப்பர் தோட்டத்துப் படங்கள்தாம் அவை. தோட்டம் செம்பனையாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறிவிட்டது. மிஞ்சியிருப்பது படம் மட்டுமே. அவற்றை ஸ்கேன் செய்து, ‘நாஸ்’ எனப்படும் பெட்டியில் சேமித்து வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. உள்ளே ஒன்றோ இரண்டோ வன்தட்டுகள் இருக்கும். ரௌட்டருடன் இணைத்துவிட்டால் வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளிலும் கைப்பேசிகளிலும் பார்க்கலாம்.

ஒரு நாள் அந்தப் பெட்டி கணினித் திரையில் தெரியாமல் போகும். உடனே எல்லாரும் சொல்வது, “ஹார்ட் டிஸ்க் போச்சு!” அவசரப்பட வேண்டாம். வன்தட்டைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஈப்போவின் மாலை நேர இடிமழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் மின் அடாப்டரும் ரௌட்டரும்தான். பெட்டியில் விளக்கு எரிகிறதே என்று ஏமாறாதீர்கள். விளக்குக்குச் சிறிதளவு மின்சாரம் போதும். வன்தட்டைச் சுழற்றப் பல மடங்கு வேண்டும். காதை வைத்துக் கேளுங்கள். சுழலும் ஓசை இல்லையென்றால், அதே வோல்ட்டும் அதே முனை அமைப்பும், குறையாத ஆம்பியரும் கொண்ட வேறொரு அடாப்டரை மாட்டிப் பாருங்கள். அடுத்து கேபிளையும், ரௌட்டரில் அது செருகப்பட்ட துளையையும் மாற்றிப் பாருங்கள்.

பெட்டியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரௌட்டர் அதற்கு முகவரி தரவில்லை என்று பொருள். ரௌட்டரை முதலில் அணைத்துப் போட்டு, பிறகு பெட்டியைப் போடுங்கள்.

சில வேளைகளில் பெட்டியில் குறையே இருக்காது. 2017 மே மாதம் வானாகிரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது. அது புகுந்த வழி, எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை. அவ்வாண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது அந்த முறை சேர்க்கப்படுவதில்லை. அதை மட்டுமே அறிந்த பழைய பெட்டி, புதுக் கணினியின் கண்ணுக்குத் தெரியாது.

உண்மையான ஆபத்து இனிமேல்தான். பொறுமையிழந்து வன்தட்டைக் கழற்றி, விண்டோஸ் கணினியில் மாட்டுவார்கள். பல நாஸ் பெட்டிகள் லினக்ஸின் கோப்பு முறையைப் பயன்படுத்துவதால் விண்டோஸுக்கு அது புரியாது. “ஃபார்மட் செய்யட்டுமா?” என்று கேட்கும். ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள்! லினக்ஸ் போட்ட விரலியால் கணினியைத் தொடக்கினால் அதே வன்தட்டில் படங்கள் தெரிய வாய்ப்புண்டு. இரண்டு வன்தட்டுகள் இருந்தால், கழற்றுமுன் எது எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

‘டிக் டிக்’ என்று தட்டும் ஓசை வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். அது தரவு மீட்பு நிபுணர்களின் வேலை, செலவும் அதிகம். குளிர்ப்பெட்டியில் வைத்தால் சரியாகும் என்பாரும் உண்டு. நம் ஊர் ஈரப்பதத்தில் வன்தட்டில் நீர் கோத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

“இரண்டு வன்தட்டிலும் ஒரே படம் இருக்கிறதே, போதாதா?” என்றால், போதாது. ஒன்றில் அழிந்தால் மற்றதிலும் அழியும். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ‘மை புக் லைவ்’ பெட்டிகளுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அவற்றுக்கு 2015க்குப் பிறகு மென்பொருள் புதுப்பிப்பே வரவில்லை. இணையம் வழி ஊடுருவியவர்கள் அவற்றைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்ப, பல நாடுகளில் பயனர்களின் கோப்புகள் மறைந்தன. வன்தட்டுகள் நன்றாகத்தான் இருந்தன. இணைய இணைப்பைத் துண்டிக்கும்படி நிறுவனமே அறிவுறுத்தியது.

வெளி வன்தட்டு ஒன்றில் நகலெடுத்து, சிம்மோரிலோ தைப்பிங்கிலோ இருக்கும் அத்தை வீட்டு அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். பள்ளி விடுமுறைக்குப் போகும்போது அதைத் திறந்து, படங்கள் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு வரலாம்.