மாநிறக் கன்னத்தில் சிவப்பைத் தேடாதீர்கள்

முகக் கரப்பான், அதாவது எக்சிமா, என்றால் மருத்துவப் புத்தகங்கள் பெரும்பாலும் வெளுத்த கன்னத்தில் செக்கச்செவேலென்ற திட்டைத்தான் படம் போட்டுக் காட்டுகின்றன. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வளரும் நம் பிள்ளைகளின் மாநிறத் தோலில் அந்தச் சிவப்பு தெரிவதில்லை. ஊதா ஓடிய பழுப்பாகவோ சாம்பல் பூத்த மாதிரியோதான் தெரியும். “வெயில்ல கறுத்துட்டான்” என்று விட்டுவிடுகிறோம். அதனால் விரலை நம்புங்கள். கன்னத்தைத் தடவினால் சொரசொரப்பும் பொடிப்பொடிப் பொரிகளும் கைக்குத் தட்டுப்படும்.

கைக்குழந்தைக்கு இரு கன்னங்களிலும் வரும். மூக்கு நுனி பெரும்பாலும் தப்பிவிடும். பேசத் தெரியாத பிள்ளை முகத்தைத் தலையணையில் தேய்த்துத் தேய்த்துச் சிணுங்கும். அரிப்பே இல்லையென்றால் வேறு நோயைத்தான் சந்தேகிக்க வேண்டும். பெரியவர்களுக்கு இமை தடிக்கும், கண்ணுக்குக் கீழே கூடுதல் மடிப்பு விழும். தேய்த்த தேய்ப்பில் புருவத்தின் வால் பக்கம் முடி கொட்டிப்போகும்.

ஒட்டும், பூசும் பொருள்களாலும் கரப்பான் வரும். நெற்றி நடுவில் மட்டும், ஒட்டுப்பொட்டின் அதே வட்டத்தில் அரித்தால் அதன் பசையைச் சந்தேகியுங்கள். தலைக்குச் சாயம் பூசிய ஓரிரு நாளில் காதோரம் அரித்து இமை வீங்கினால், அதிலுள்ள பாராபினைலின்டயமின் என்ற சாயப்பொருள் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம்.

திட்டு ஆறினாலும் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். நம் பெண்களை வெளுப்பு கிரீம் பக்கம் தள்ளுவது இந்தக் கறுப்புதான். என் பெருங்கவலையும் அந்தக் கிரீம்தான். பாதரசம், ஹைட்ரோகுவினோன், பீட்டாமெத்தசோன் கலந்த கிரீம்களின் பெயர்களைச் மலேசியச் சுகாதார அமைச்சின் கீழுள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ அவ்வப்போது வெளியிட்டு எச்சரிக்கிறது. பீட்டாமெத்தசோன் வீரியமான ஸ்டீராய்டு. நாலு நாளில் அரிப்பு அடங்கிவிடுவதால் “நல்ல கிரீம்” என்று பெயர் வாங்கிவிடும். மாதக்கணக்கில் பூசினால் முகத்தோல் மெலிந்து ரத்த நாளங்கள் தெரியும். நிறுத்தினாலோ முகம் எரியும். டாக்டர் பார்த்து, அளவு சொல்லி எழுதித் தரும் மென்மையான ஸ்டீராய்டுக்கு அப்படிப் பயப்பட வேண்டியதில்லை.

நீர் வடிந்து மஞ்சள் பொருக்குத் தட்டினால் கிருமி தொற்றியிருக்கிறது, கிளினிக்கில் காட்டுங்கள். காய்ச்சலோடு, ஒரே அளவில் குழி விழுந்த புண்கள் வலியெடுத்துப் பரவினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து. கோலாலம்பூர் மருத்துவமனையோ, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமாவோ, பக்கத்தில் உள்ள அவசரப் பிரிவுக்கு உடனே போய்விடுங்கள். இதே வைரஸால் உதட்டில் அக்கி போட்டிருக்கும் உறவினர் யாராக இருந்தாலும், அது ஆறும்வரை கரப்பான் உள்ள பிள்ளையை முத்தமிட விடாதீர்கள்.