சில்லுத் தொழிலில் கைவிடும் துணிவு

சிறு வானொலிப் பெட்டியை ‘டிரான்சிஸ்டர்’ என்றே நாம் அழைத்த காலம் ஒன்று உண்டு. பெட்டியினுள் இருந்த சிற்றுறுப்பின் பெயரே பெட்டிக்கும் பெயராயிற்று. அவ்வுறுப்பு 1947-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அந்நாளைய பெட்டி ஒன்றில் ஒரு கைவிரல் எண்ணிக்கையளவு டிரான்சிஸ்டர்களே இருந்தன. இன்று உயர்தரக் கைபேசியின் ஒரே சில்லில் ஆயிரம் கோடிக்கு மேற்பட்டவை அடங்கியுள்ளன. இந்த விந்தையை விளைவித்த விஞ்ஞானம் பலரும் அறிந்ததே. அதன் பின்னே நிகழ்ந்துவரும் வாணிகப் போட்டியைப் பற்றி இங்கே நாம் சிறிது சிந்திப்போம்.

இத்தொழிலின் இயல்பை முதற்கண் உணர்தல் வேண்டும். மணலிலிருந்து பிரித்துத் தூய்மையாக்கிய சிலிக்கனை மெல்லிய வட்டத் தட்டுகளாக அறுத்து, ஒளியின் துணைகொண்டு அவற்றின்மீது நுண்ணிய மின்சுற்றுகளைப் பதிக்கின்றனர். மூலப்பொருளுக்கு ஆகும் செலவு சிறிது. ஆலைக்கு ஆகும் செலவோ மலையளவு. இன்று முன்னணி ஆலை ஒன்றை எழுப்ப ஆயிரம் கோடி டாலருக்கு மேல் வேண்டும். ஆலை ஓடினாலும் நின்றாலும் அம்முதலின் சுமை குறையாது. ஆதலால் விலை சரிந்தபோதும் ஆலையை ஓட்டிக்கொண்டே இருப்பர். சரக்கு மேலும் குவியும். விலை மேலும் சரியும். நூறு சில்லுகளில் எத்தனை பழுதின்றித் தேறுகின்றன என்பதே லாப நஷ்டத்தைப் பெரிதும் நிர்ணயிக்கும். மிகுதியாகச் செய்பவர் விரைவில் தேர்ச்சி பெறுவர். தேர்ச்சி பெற்றவர் மலிவாக விற்பர்.

இப்போட்டியின் கடுமையை இன்டெல் நிறுவனத்தின் வரலாறு நன்கு விளக்கும். ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் என்னும் இருவர் 1968-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் அதைத் தொடங்கினர். கணிப்பொறியின் விவரங்களைத் தாங்கி நிற்கும் நினைவுச் சில்லே அதன் முதற்பெருஞ்சரக்கு. 1970-இல் அது வெளியிட்ட 1103 என்னும் சில்லு அதற்குப் பெரும் புகழைத் தேடித் தந்தது. கணக்கிடும் ஆற்றல் வாய்ந்த நுண்செயலி என்னும் மற்றொரு சில்லையும் 1971-இல் அது வெளியிட்டது. எனினும் அந்நிறுவனத்தார் தம்மை நினைவுச் சில்லுக்காரர் என்றே கருதிவந்தனர்.

இந்நிலையில் ஜப்பானியர் களம் புகுந்தனர். ஹிட்டாச்சி, நெக், ஃபுஜிட்சு போன்ற பெரும் நிறுவனங்கள் வங்கிகளின் ஆதரவோடு பெருமுதலிட்டு ஆலைகளை எழுப்பின. 1980-இல் ஹியூலட் பாக்கார்டு நிறுவனத்தார் இரு நாட்டுச் சில்லுகளையும் ஒப்பிட்டுச் சோதித்தனர். ஜப்பானியச் சில்லுகளில் பழுது மிகக் குறைவு எனக் கண்டனர். நினைவுச் சில்லு யார் செய்தாலும் ஒன்றுபோலவே பயன்படும். அங்கே விலையும் தரமுமே ஆயுதங்கள். அவ்விரண்டிலும் ஜப்பானியர் முந்திவிட்டனர்.

1985-ஆம் ஆண்டின் நடுவில் நிகழ்ந்த ஓர் உரையாடலை, அந்நாளில் மூருடன் நிறுவனத்தை நடத்திய ஆண்ட்ரு குரோவ் பின்னர் எழுதியுள்ளார். தங்களிருவரையும் நீக்கிவிட்டு இயக்குநர் குழு புதியவர் ஒருவரை அமர்த்தினால் அவர் என்ன செய்வார் என்று குரோவ் வினவினாராம். நினைவுச் சில்லை விட்டுவிடுவார் என்று மூர் தயக்கமின்றி விடை பகர்ந்தாராம். அங்ஙனமாயின் அதைத் தாமே ஏன் செய்யலாகாது என்று குரோவ் கேட்டார். அவ்வாறே செய்தனர். ஆலைகள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர், 1986-இல் நிறுவனம் பெருநஷ்டம் கண்டது. பெற்ற பிள்ளையைத் துறப்பது போன்ற முடிவு அது.

நுண்செயலியைப் பற்றிக்கொண்டதில் என்ன நன்மை? ஐ.பி.எம். நிறுவனம் 1981-இல் வெளியிட்ட கணிப்பொறியில் இன்டெலின் நுண்செயலியே அமைந்திருந்தது. அதற்கென எழுதப்பட்ட நிரல்கள் பெருகப் பெருக, வாங்குவோர் வேறு சில்லுக்கு எளிதில் மாற இயலவில்லை. முன்னெல்லாம் ஒரே ஆலையை நம்ப அஞ்சிய வாடிக்கையாளருக்காகப் பிற நிறுவனங்களுக்கும் உரிமை வழங்குதல் வழக்கம். 1985-இல் 386 என்னும் சில்லை வெளியிட்டபோது இன்டெல் அவ்வழக்கத்தையும் விட்டது. 1992-இல் உலகின் முதற்பெரும் சில்லு நிறுவனமாயிற்று.

கைவிடுவதையே ஆதாரமாகக் கொண்டு எழுந்த நிறுவனம் மற்றொன்று. மோரிஸ் சாங் என்பவர் 1987-இல் தைவானில் டி.எஸ்.எம்.சி. நிறுவனத்தைத் தொடங்கினார். தம் பெயரில் எச்சில்லையும் வடிவமைப்பதில்லை, பிறர் வரைந்ததைச் செய்து தருவதே தொழில் என்பது அவர் கொள்கை. நெல் விளைவிப்போருடன் அரிசி ஆலைக்காரர் போட்டியிடுவதில்லை அன்றோ? அதனால் எல்லோரும் நம்பி வேலை கொடுத்தனர். ஆலையில்லாமலே சில்லு வடிவமைக்கும் நிறுவனங்கள் பல தோன்றின. 1993-இல் பிறந்த என்விடியா அவற்றுள் ஒன்று.

வென்றவரும் அயர்ந்திருக்க இயலாது. ஜப்பானியரின் நினைவுச் சில்லு முதன்மையைக் கொரியாவின் சாம்சங் 1990-களில் பறித்துக்கொண்டது. ஜப்பானின் எல்பிடா நிறுவனம் 2012-இல் நொடித்துப்போக, அமெரிக்காவின் மைக்ரான் அதனை வாங்கிக்கொண்டது. இன்டெலோ, ஆப்பிளின் கைபேசிக்குச் சில்லு செய்யும் வாய்ப்பை விலை கட்டாதென்று விட்டது. தலைவராயிருந்த பால் ஒட்டெல்லினி 2013-இல் அதற்காக வருந்தினார். 2024-இல் அந்நிறுவனம் அடைந்த நஷ்டம் 1,800 கோடி டாலருக்கும் மேல். விடவேண்டியதை விடுதல் எவ்வளவு அரிதோ, விடலாகாததை அறிதலும் அவ்வளவு அரிது.

இவையெல்லாம் நமக்கு எட்டாத செய்திகள் அல்ல. பெங்களூரிலும் ஐதராபாத்திலும் நொய்டாவிலும் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் சில்லு வடிவமைப்பில் பணியாற்றுகின்றனர். அவர்கள் வரைவது அயல்நாட்டு ஆலைகளிலேயே உருப்பெற்று வந்திருக்கிறது. மொகாலியில் 1980-களில் நம் அரசு அமைத்த ஆலை 1989-இல் தீக்கு இரையாயிற்று. அதன்பின் நெடுங்காலம் வீணாயிற்று. 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. குஜராத்தின் தோலேராவில் டாட்டா நிறுவனமும் தைவானின் பி.எஸ்.எம்.சி. நிறுவனமும் சேர்ந்து அமைக்கும் ஆலைக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. மிக நுண்ணிய சுற்றுகளில் தைவானுடன் மல்லுக்கு நிற்பது அதன் நோக்கமன்று. கார்களுக்கும் மின்சாதனங்களுக்கும் வேண்டிய, 28 நானோமீட்டரும் அதனினும் பருத்ததுமான சுற்றுகளையே அது எடுத்துக்கொண்டுள்ளது.

எல்லாவற்றையும் செய்ய முனையாது ஒன்றைத் தேர்ந்து தொடங்குவது நல்ல தொடக்கமே. ஆயினும் ஆலை எழுந்தால் மட்டும் போதாது. பழுதின்றிச் செய்யும் தேர்ச்சி வரவேண்டும். விலை சரியும் ஆண்டுகளில் தளராது முதலிடும் பொறுமையும் வேண்டும். வரைபவர் நம் பிள்ளைகளாக இருக்க, வார்த்தெடுக்கும் ஆலையும் நம் நாட்டில் அமையுமாயின், அவர்கள் உழைப்பின் முழுப்பயனும் இங்கேயே நிற்கும்.