முகவரியில் மறையும் தோட்டம்

ஒரே குறி, நிற்கும் இடத்திற்கேற்ப வெவ்வேறு பொருள் தருதல் இலக்கணம் கற்றோர்க்குப் புதிதன்று. கணினி ஏடுகளிலும் இவ்வியல்பு உண்டு. அதனை மறந்தால் விளையும் இடரைப் பேராக் மாநிலத்து எடுத்துக்காட்டொன்றால் காண்போம்.

சுங்கை சிப்புட்டை அடுத்த எல்பில் தோட்டம், 1948 ஜூன் 16ஆம் நாள் நிகழ்ந்த மேலாளர் கொலையால் மலாயா வரலாற்றில் இடம்பெற்றது. ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடாகவும் குடியிருப்பாகவும் மாறிவிட்டன. அவற்றின் பெயர்களைக் காப்பவை ஏடுகளே. அப்பெயர்களை எக்ஸ்.எம்.எல். முறையில் தொகுத்து, அத்தொகுப்பை இணையப் பக்கமாக உருமாற்றுவதாகக் கொள்வோம். எல்பிலைத் தேடும் முகவரியின் இறுதிப் பகுதி இவ்வாறு அமையலாம்:

ஊர்=சுங்கை சிப்புட்&தோட்டம்=எல்பில்

முகவரியில் & என்பது இரு வினாக்களைப் பிரிக்கும் குறி. எக்ஸ்.எம்.எல். ஏட்டிலோ, அது சிறப்புக் குறியொன்றின் தொடக்கம். ஆகவே அதனை அங்கே வெறுமனே எழுதினால், உருமாற்றும் நிரல் பிழை கூறி நின்றுவிடும். அக்குறியை அடுத்து ஏ, எம், பி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளையும் அரைப்புள்ளியையும் இடுதல் வேண்டும். பக்கத்தைப் படிக்கும் உலாவி அதனை மீண்டும் & ஆக்கிக்கொள்ளும். ஆனால் இம்மாற்றத்தை இருமுறை செய்துவிட்டால், மிகுந்த எழுத்துகள் ‘தோட்டம்’ என்னும் சொல்லின் முன் ஒட்டிக்கொள்ளும், தேடல் பொய்த்துப்போகும்.

முகவரிக்கே உரிய மாற்றம் வேறு. அதில் இடைவெளி %20 ஆகும். தமிழ் எழுத்தின் ஒவ்வோர் ஒருங்குறிக் கூறும் மூன்று பைட்டுகளாகும். ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று இடங்கொள்ளும். ஐந்து கூறுகளுடைய ‘ஈப்போ’ இவ்வாறு 45 இடங்களுக்கு விரியும். இதனையும் இருமுறை செய்தால் % என்பது %25 ஆகி, %20 என்பது %2520 எனத் திரியும்.

தீர்வு யாது? ஊர்ப்பெயர், தோட்டப்பெயர் ஆகியவற்றைத் தனித்தனியே விழுக்காட்டு முறைக்கு மாற்றுக; முழு முகவரியையும் ஒருசேர மாற்றற்க; மாற்றினால் பிரிக்கும் குறியும் %26 ஆகிவிடும். பின்னர் அவற்றை & கொண்டு இணைக்க. எக்ஸ்.எம்.எல். மாற்றத்தை உருமாற்றும் நிரலிடமே விட்டுவிடுக.

பிழை அறியவும் எளிய வழியுண்டு. பக்கத்தின் மூலத்தில் அம்மூன்றெழுத்துகள் இருத்தல் முறையே. உலாவியின் முகவரிப் பட்டையில் அவையேனும் %25 என்பதேனும் தோன்றின், பெரும்பாலும் மாற்றம் இருமுறை நிகழ்ந்துள்ளது எனக் கொள்க. அதனைத் திருத்தினால், ஏட்டில் காத்துவைத்த தோட்டத்தின் பெயர் தேடுவோர் கைக்கு எட்டும்.