கல் தளத்திற்கு மெருகா, கொத்தா?

வீடு கட்டுவோர் கல் வாங்குங்கால் அதன் நிறத்தையும் விலையையும் நோக்குகின்றனரேயன்றி, அதன் மேற்பரப்பு எவ்விதம் முடிக்கப்பட்டிருத்தல் வேண்டுமென்பதை ஆலோசிப்பது அரிது. ஒரே பாறையினின்று அறுத்த இரண்டு பலகைகளில் ஒன்றைக் கண்ணாடிபோல் மின்னச் செய்யலாம். மற்றொன்றைச் சொரசொரப்பாக விட்டுவிடலாம். முன்னதைக் குளியலறைத் தரையிலும் பின்னதைச் சமையல் மேடையிலும் பதித்துவிட்டால் இரண்டும் தொல்லையாகவே முடியும். பதித்த கல்லைப் பெயர்த்தெடுத்து மாற்றுவதோ பெருஞ்செலவு. கடன் பெற்று வீடு கட்டும் அங்கத்தினருக்கு அச்செலவு தாங்கற்பாலதன்று.

கல்லின் மேல்வேலை தமிழ்நாட்டாருக்குப் புதிய விஷயமன்று. அம்மியும் ஆட்டுக்கல்லும் நாளடைவில் தேய்ந்து வழவழப்பாகி, மிளகாயும் அரிசியும் பிடிபடாமல் வழுக்கும்போது, கல் கொத்துவோரை அழைத்து உளியால் மறுபடியும் கொத்திக்கொள்வது வழக்கம். கல் பழைய கல்லே. மேற்பரப்பு மாறியதும் வேலை செவ்வனே நடக்கிறது. வீட்டுத் தரைக்கும் இந்த நியாயமே பொருந்தும்.

கல்லின் இனம்

சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய பகுதிகளின் வீடுகளில் காணப்படும் கற்கள் பெரும்பாலும் இரண்டு இனத்தைச் சேர்ந்தவை. முதலாவது கருங்கல் இனம். நகரத்தையடுத்த பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் காணப்படும் கருநீலச் சாம்பல் நிறப் பாறை இவ்வினத்ததே. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் உள்ள கல் இவ்வகையாதலால், பூகர்ப்ப சாஸ்திர நிபுணரான தாமஸ் ஹாலண்டு 1893-ல் இதற்குச் சார்னகைட் என்று பெயரிட்டார். கடைகளில் கிரானைட் என்று விற்கப்படும் பலகைகளும் இவ்வினத்தோடு சேர்த்து எண்ணத்தக்கவை. இவை மிகக் கடினமானவை. சமையலறைப் புளிப்புகள் இவற்றை எளிதில் தீண்டா.

இரண்டாவது சுண்ணாம்புச் சத்துள்ள இனம். ஆந்திர தேசத்திலிருந்து வரும் கடப்பைக் கல்லும், இராஜஸ்தானத்திலிருந்து வரும் கோட்டா கல்லும், சலவைக்கல்லும் இதில் அடங்கும். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் சமையலறை அலமாரித் தட்டுகள் கடப்பைக் கல்லாலானவை. இக்கற்கள் கருங்கல்லைவிட மிருதுவானவை. எலுமிச்சை, புளி, தயிர் ஆகியவற்றிலுள்ள புளிப்புச் சத்து இவற்றின் மேற்பரப்பை அரித்துவிடும். மெருகிட்ட பலகையின் மேல் சிறிது எலுமிச்சஞ்சாற்றை விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடைத்துப் பார்த்தால், மெருகு மங்கிய வட்டம் தோன்றுவது சுண்ணாம்பு இனமென்று அறியலாம்.

மேல்வேலையின் வகைகள்

மெருகு என்பது கல்லைப் படிப்படியாக நுண்ணிய பொடிகளால் தேய்த்துப் பளபளப்பாக்குவது. இதனால் நிறம் ஆழ்ந்து தோன்றும். அழுக்கும் எண்ணெயும் எளிதில் ஒட்டா. தேய்ப்பைப் பளபளப்பு வருமுன் நிறுத்திக்கொண்டால் மழமழப்பான, ஆனால் மின்னாத பரப்புக் கிடைக்கும். மூன்றாவது, பல முனைகளுள்ள சுத்தியாலோ உளியாலோ கொத்திச் சொரசொரப்பாக்குவது. நான்காவது, தீச்சுவாலையால் சுட்டு மேற்பரப்பைப் பொரியச் செய்வது. கல்லிலுள்ள மணிகள் வெப்பத்தால் வெவ்வேறு அளவில் விரிந்து உதிர்வதனால் இச்சொரசொரப்பு உண்டாகிறது. இம்முறை குவார்ட்ஸ் மணிகளுள்ள கருங்கல் வகைக்கே ஏற்றது. சலவைக்கல்லுக்கும் கடப்பைக் கல்லுக்கும் ஏற்றதன்று. மெல்லிய பலகை சூட்டில் வெடிக்கக்கூடுமாதலால் கனமான பலகையே வேண்டும்.

இடத்திற்கேற்ற தெரிவு

சமையல் மேடைக்கு மெருகிட்ட கருங்கல்லே சிறந்தது. புளிக் கரைசலும் எண்ணெயும் நாள்தோறும் சிந்துமிடத்தில் மெருகிட்ட கடப்பைக் கல்லைப் பதித்தால், சின்னாட்களில் மேடை முழுதும் மங்கிய திட்டுகள் தோன்றும். செலவைக் கருதிக் கடப்பைக் கல்லையே போடுவோர், மின்னாத பரப்பைத் தெரிந்துகொண்டால் அத்திட்டுகள் அவ்வளவாகக் கண்ணுக்குப் படா.

கூடத்திற்கும் படுக்கையறைக்கும் மெருகோ மழமழப்போ எதுவும் பொருந்தும். ஆனால் குளியலறை, கிணற்றடி, பின்கட்டு, வாசற்படி ஆகிய இடங்களில் மெருகு கூடவே கூடாது. மெருகிட்ட கல்லின் மேல் தண்ணீரும் சோப்பு நுரையும் படர்ந்தால் பாதத்திற்குப் பிடிப்பில்லை. முதியோர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், மறுபடி எழுந்து நடப்பதே அரிதாகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில் வாசற்படியும் இதே அபாயமுடையதாகிறது. இவ்விடங்களுக்குக் கொத்திய கல்லோ சுட்ட கல்லோ தகுந்தது. குளியலறையில் மிகுந்த சொரசொரப்பில் அழுக்குத் தங்குமாதலால் மெல்லிய கொத்தே போதுமானது. வாசலில் கோலமாவு நிலைத்து நிற்பதற்கும் இத்தகைய பரப்பே உதவும்.

வெயில் படும் முற்றத்திற்குக் கறுப்புக் கல் ஏற்றதன்று. நண்பகலில் காலை வைக்க முடியாதபடி சுடும். அடையாற்றைப்போல் கடலும் கழிமுகமும் அடுத்துள்ள இடங்களில் நிலத்தடியிலிருந்து உப்பு நீர் ஏறிக் கல்லுக்குள் படிந்து மேற்பரப்பைப் பொருக்காக உதிர்ப்பதுமுண்டு. மெருகு இதனைத் தடுக்காது. தளத்தின் கீழ் ஈரந்தடுக்கும் ஏற்பாடே தடுக்கும்.

பராமரிப்பு

கல்லின் மேல் சிறிது நீரை விட்டுக் கால் மணி நேரத்தில் அவ்விடம் கறுத்தால், அது நீரை உறிஞ்சும் கல் என்று தெளியலாம். அத்தகைய கல்லுக்கே கறைதடுப்புத் தைலம் அவசியம். சுண்ணாம்பு இனக் கற்களைத் திராவகங் கலந்த திரவங்களால் ஒருபோதும் கழுவலாகாது. மிருதுவான சோப்பு நீரே போதும்.

மற்றொரு விஷயமும் மறக்கற்பாலதன்று. கல்லை வீட்டிலேயே உலர்ந்தபடி அறுக்குங்கால் எழும் நுண்ணிய தூசி, வேலையாட்களின் நுரையீரலிற் படிந்து தீராத நோயை உண்டாக்கும். நீர் ஊற்றி அறுக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது வீட்டுக்காரரின் கடமை.

ஒன்றுகூடி வாங்குவதன் நன்மையை 1904-ல் சென்னையில் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் நாட்டிற்குக் காட்டியது. கிராமச் சங்கங்களும், வீடு கட்டும் அங்கத்தினருக்காக ஒவ்வொரு வகைக் கல்லிலும் ஒரு துண்டு வாங்கிச் சங்கக் கட்டடத்தில் வைக்கலாம். அதன்மேல் சோப்பு நீரூற்றிக் கையால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தும், புளியை ஓரிரவு வைத்துப் பார்த்தும் அங்கத்தினர் தாமே தெளிந்துகொள்வாராயின், கடனாகப் பெற்ற பணம் வீணாகாது. வீட்டிலுள்ள முதியோரும் அச்சமின்றி நடமாடுவர்.