துவர்ப்புச் சத்தும் அதை அளக்கும் விதமும்

திண்டுக்கல் சமவெளியின் செம்மண் தரிசுகளிலும் சாலையோரங்களிலும், மழை குறைந்த காலத்திலுங்கூட மஞ்சள் பூத்து நிற்கும் ஆவாரஞ் செடியை அறியாத குடியானவர் இலர். இதன் பட்டையை உரித்து உலர்த்தித் தோல் பதனிடும் சாலைகளுக்கு விற்பது நெடுங்கால வழக்கமாயிருந்தது. இப்பொழுது அச்சாலைகளில் வாட்டில் மரப்பட்டையின் சாற்றுத் தூளே அதிகமாய் வழங்குகிறது. எனினும் ஆவாரம்பூ, முருங்கையிலை ஆகியவற்றை உலர்த்தி விற்போர் நம் ஜில்லாவில் பலர் உண்டு. வாங்குவோர் ரஸாயன சாலையின் காகிதம் ஒன்றைக் காட்டி, “உங்கள் சரக்கில் பீனால் சத்து இவ்வளவுதான்” என்று விலை குறிப்பதும் உண்டு. அவ்வெண்ணின் பொருளை அறியாதவர் சொன்ன விலைக்குச் சரக்கைக் கொடுத்துவிட நேரும். ஆதலின் இவ்விஷயத்தைச் சற்று விளக்குவது பிரயோஜனமாகும்.

துவர்ப்புச் சத்து என்பது யாது?

தாவரங்கள் தம்மைப் பூச்சி, பூஞ்சணம், கடும் வெயில் ஆகியவற்றினின்று காத்துக்கொள்ளும் பொருட்டுப் பலவகை வஸ்துக்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் ஒரு பெருங் குடும்பத்திற்குப் பீனால் வர்க்கம் என்று பெயர். பூக்களின் மஞ்சள், சிவப்பு, ஊதா நிறங்களில் பல இவ்வர்க்கத்தைச் சேர்ந்தவை. அரிந்து வைத்த கத்திரிக்காய் பழுப்பாக மாறுவதும், அதிலுள்ள பீனால் வஸ்து காற்றுப்பட்டு மாறுவதனாலேயேயாம்.

இக்குடும்பத்தில் உருவிற் பெரியவை டானின் எனப்படும். வாழைக்காயைக் கடித்தால் நாக்கு இழுப்பது டானினால் ஆகும். அது உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றித் திரளச் செய்கிறது. தோலும் புரதமே ஆதலால், டானின் அதனைப் பற்றி அழுகாத பதமாக்குகிறது. எனவே, டானின் யாவும் பீனால் வர்க்கமே. ஆனால் பீனால் வர்க்கம் யாவும் டானின் அன்று. இந்த ஒரு பேதத்தை மனத்திற் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

வீட்டிலே செய்யத்தக்க இரண்டு பரீக்ஷைகள்

முதலாவது அன்னபேதிப் பரீக்ஷை. ஆவாரம்பட்டைத் தூள் சிறிது எடுத்து நீரிற் காய்ச்சி வடிகட்டி, ஆறிய பின் அன்னபேதி கரைத்த நீரில் சில துளிகள் விடவேண்டும். பச்சைச் சாயலுள்ள கருமை தோன்றும். கடுக்காய்க் கஷாயத்தில் விட்டால் நீலங் கலந்த கருமை தோன்றும். முற்காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியது இக்குணத்தைக் கொண்டேயாம். காற்றுப்பட்டு மஞ்சள் படிந்த அன்னபேதியானால் நிறம் விரைவில் தெரியும்.

இரண்டாவது வச்சிரப் பரீக்ஷை. தச்சர் உபயோகிக்கும் மாட்டுத்தோல் வச்சிரத்தை வெந்நீரிற் கரைத்து, ஒரு சிட்டிகை உப்பிட்டு, தெளிந்த பின் கஷாயத்துடன் கலக்கவேண்டும். டானின் இருப்பின் உடனே கலங்கித் திப்பியாய்த் திரளும்.

முருங்கையிலைக் கஷாயத்தை இவ்விதமே சோதித்தால், அன்னபேதி அதன் நிறத்தைக் கருக்கச் செய்யும். வச்சிர நீரிலோ ஆவாரம்பட்டையைப் போல் அது திரளாது. முருங்கையில் பீனால் உண்டு, டானின் சொற்பமே என்பது இதனால் புலனாகும். முதற் பரீக்ஷை குடும்பம் முழுவதையும், இரண்டாவது டானினை மாத்திரமும் காட்டுகின்றது. இவை இருப்பதைக் காட்டுமேயன்றி எவ்வளவு என்று காட்டா.

ரஸாயன சாலையில் அளக்கும் முறை

இவ்விரண்டு வழிகளையே ரஸாயன சாலையார் நுட்பமாகச் செய்கின்றனர். தோல் வியாபாரத்திற்குத் தோற்றூள் முறை வழங்குகிறது. பட்டையைக் காய்ச்சிய நீரில் ஒரு பாகத்தை வற்றவைத்து, கரைந்துள்ள மொத்தப் பொருளை நிறுப்பர். மற்றொரு பாகத்தைச் சுத்தமான தோற்றூளுடன் குலுக்கி வடிகட்டி, எஞ்சியதை வற்றவைத்து நிறுப்பர். உதாரணமாக, 100 பங்கு பட்டைக்கு முதல் எடை 26 ஆகவும் இரண்டாவது எடை 8 ஆகவும் இருப்பின், தோற்றூள் பற்றிக்கொண்ட 18 பங்கே டானின் ஆகும். நல்ல ஆவாரம்பட்டையில் டானின் ஏறக்குறைய இவ்வளவு இருக்கும்.

உணவுப் பொருள்களுக்கும் மருந்துச் சரக்குகளுக்கும் வேறு முறை வழங்குகிறது. ஃபோலின், சியோகால்டு என்னும் இருவர் 1927ல் வெளியிட்ட ஒரு மஞ்சள் நிறத் திராவகம், சோடா உப்பின் உதவியால் பீனாலுடன் கூடி நீல நிறமாகும். நீலம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு பீனால் உண்டென்பது கணக்கு. 1965ல் சிங்கிள்டன், ராஸி என்போர் திராட்சை மதுவை ஆராயும் பொருட்டு இம்முறையைத் திருத்தியமைத்து, காலிக் அமிலம் என்னும் வஸ்துவை அளவுகோலாகக் கொண்டனர். ஆகையால் காகிதத்தில் “ஒரு கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் காலிக் அமிலச் சமானம்” என்று எழுதுகின்றனர். சரக்கில் அவ்வளவு காலிக் அமிலம் இருக்கிறதென்பது இதன் பொருளன்று. அவ்வளவு காலிக் அமிலம் காட்டும் நீலத்தை அச்சரக்கும் காட்டிற்று என்பதே பொருள்.

இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. வைட்டமின் ‘சி’யும் சில சர்க்கரைகளும் இதே நீலத்தைத் தரும். நெல்லிக்காய் போன்றவற்றில் எண் மிகைபடக் காண்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணைப் படிக்கும் விதம்

அத்தகைய காகிதம் கைக்கு வந்தால் குடியானவர்கள் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். அளந்தது மொத்தப் பீனாலா, டானினா? சாறு இறக்கியது நீரிலா, சாராயத்திலா? எண் பச்சைச் சரக்கிற்கா, ஈரம் நீக்கிய சரக்கிற்கா? சாறு இறக்கும் திரவம் மாறினால் ஒரே இலையில் எண்ணும் மாறும். வெவ்வேறு முறையில் கண்ட இரண்டு எண்களை ஒப்பிட்டு விலை பேசுவது, படியால் அளந்ததையும் தராசில் நிறுத்ததையும் ஒப்பிடுவது போலாகும்.

மூன்றாவது கேள்வியே பணத்தை அதிகமாய்ப் பாதிப்பது. ஈரம் முற்றும் நீங்கிய நிலையில் 100க்கு 18 பங்கு டானினுள்ள பட்டையை எடுத்துக்கொள்வோம். 100 கிலோ மூட்டையில் ஈரம் 10 கிலோ இருப்பின் டானின் 16.2 கிலோ; ஈரம் 25 கிலோ இருப்பின் 13.5 கிலோ. எடை ஒன்றே, சரக்கு வேறு. ஈரத்தை எடை போட்டு விற்பவர் இன்று சிறிது இலாபம் அடையினும், அடுத்த முறை வாங்குபவர் ஊர்ச் சரக்கு முழுவதற்கும் விலையைக் குறைப்பார். நன்றாய் உலர்த்தியவரும் அந்நஷ்டத்திற்கு உட்படுவர்.

செய்யத்தக்கவை

பட்டையையும் இலையையும் மழையில் நனைய விடலாகாது. நீரில் கரையும் சத்து நீருடன் போய்விடும். இலையைக் கசக்காமல் மெல்லியதாய்ப் பரப்பி, காற்றோட்டமுள்ள நிழலில் விரைவாய் உலர்த்தவேண்டும். கசங்கி ஈரமாய்க் கிடந்த இலை, அரிந்த கத்திரிக்காயைப் போலவே பழுத்துச் சத்திழக்கும். மாதிரி அனுப்பும்போது மூட்டையின் மேலிருந்து மாத்திரம் எடாமல், பல மூட்டைகளின் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்து, அதில் ஒரு பங்கை முத்திரையிட்டுத் தம்மிடமும் வைத்துக்கொள்ளவேண்டும். தகராறு நேர்ந்தால் அதுவே சாக்ஷியாகும்.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. தரிசுகளில் நிற்கும் ஆவாரையின் பட்டையை நின்றபடியே சுற்றி உரித்தால் செடி பட்டுப்போகும். தரையோடு வெட்டியெடுத்து உரித்தால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். உரிப்போருக்கு இதனை எடுத்துச் சொல்வது அவர்கள் கடமையாகும். நம் தரிசில் விளையும் சத்தை நாமே அறிந்து, அளவும் அறிந்து விற்போமாயின், பிறர் காட்டும் காகிதத்திற்கு அஞ்ச வேண்டியதில்லை.